ஆன்வி, கிரகணம், ஒரு பழைய மாத்திரை



இந்த முறை கொஞ்சம் வைத்திய சரித்திரம். நான் டாக்டர் இல்லை. புதுச்சேரி அரசின் சுகாதாரத் துறையில் குமாஸ்தாவாக இருந்து 2010இல் ஓய்வு பெற்றவன். ஆனாலும் இது எங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்து, அம்மா கண்ணை மூடும் வரை தீராமல் இருந்த விஷயம். அதனால்தான் எழுதத் துணிகிறேன்.

1958இல் காரைக்காலில் என் தங்கை பிறந்தாள். எனக்கு எட்டு வயது. பிறந்தபோது முகம் பளிச்சென்றுதான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து இடது மேல் இமையில் கொசு கடித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. ஒரு மாதத்தில் அது புளியங்கொட்டை அளவு ஆனது. மூன்றாம் மாதம் பழுத்த இலந்தைப்பழம் போலத் தடித்து, கண்ணையே மூடிவிட்டது. அழும்போது இன்னும் சிவக்கும்.

"கிரகணத்தன்னிக்கு வெளியில வந்திருக்கா, சொன்னா ஒத்துக்க மாட்டேங்கறா" என்றார் அப்பாயி. அம்மா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். யாரும் கேட்கவில்லை.

இதில் என் பங்கும் ஒன்று உண்டு. நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சிக்குக் கண்ணில் சிவப்பாக வந்திருக்கிறது என்று எங்கள் முசியேயிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்குப் பேரு ஆன்வி" என்றார். பிரெஞ்சில் ஆன்வி என்றால் ஆசை. பிறவி மச்சத்துக்கும் அதே சொல்தான். கர்ப்பிணி ஆசைப்பட்ட பழம் கிடைக்காவிட்டால் அது பிள்ளையின் உடம்பில் மச்சமாக வந்துவிடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. புதிதாக ஒரு சொல் கற்றுக்கொண்ட பெருமையில் வீட்டுக்கு ஓடி, எல்லோர் முன்னாலும் ஒப்பித்தேன். மசக்கையில் அம்மா இலந்தைப்பழம் கேட்டதும், பருவம் இல்லாததால் கிடைக்காமல் போனதும் அப்பாயிக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. கிரகணத்தோடு இலந்தைப்பழமும் குற்றப்பத்திரிகையில் சேர்ந்தது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்.

பிற்பாடு படித்தபோதுதான் இந்தப் பழி எவ்வளவு பழையது என்று தெரிந்தது. லத்தீனில் இதற்கு 'நீவஸ் மெட்டர்னஸ்' என்று ஒரு பெயர், அதாவது தாயால் வந்த மச்சம். ஆங்கிலேயர்கள் ஸ்ட்ராபெரி மச்சம் என்றார்கள். நம் ஊரில் கிரகணம், அங்கே பழம். எங்கே போனாலும் குற்றவாளி தாய்தான்.

அப்பா தங்கையை ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார். அவர் நன்றாகப் பார்த்துவிட்டு, "தொடாதீங்க, கீறாதீங்க. பள்ளிக்கூடம் போற வயசுல தானா மறைஞ்சுடும்" என்றார். சைகோனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சின்னப்பாவோ, பாரிசில் இதற்கு ரேடியம் வைக்கிறார்கள், காசு சேர்த்து அனுப்பலாம் என்றார். காசு சேரவில்லை.

டாக்டர் சொன்னது பலித்தது. ஆறு வயதில் சிவப்பு போய், இமையில் கொஞ்சம் தொளதொளத்த தோல்தான் மிச்சம். ஆனால் அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் தெரியுமே தவிர, ஆள் முகம் தெரியாது. பிறந்த முதல் மாதங்களில்தான் கண் அனுப்புவதைப் புரிந்துகொள்ள மூளை பழகுகிறது. அந்த நேரத்தில் இமை மூடியே கிடந்தால், கண்ணில் குறை இல்லாவிட்டாலும் பார்வை வராது. சோம்பேறிக் கண் என்கிறார்களே, அதுதான். சின்ன வயதிலேயே கவனித்தால் ஓரளவு மீட்கலாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த டாக்டர் மேல் ரொம்ப நாள் எனக்குக் கோபம் இருந்தது. சரித்திரத்தைப் படித்த பிறகு இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தச் சிவப்புக் கட்டிக்கு வைத்திய நூலில் ஹீமாஞ்சியோமா என்று பெயர். பச்சைக் குழந்தையின் தோலிலோ தோலுக்கு அடியிலோ நுண்ணிய ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிப் பெருகிக் கட்டியாவது. புற்றுநோய் அல்ல. நூற்றில் நான்கைந்து குழந்தைகளுக்கு வருகிறது. பெண் குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் எடை குறைந்து பிறந்தவர்களுக்கும் அதிகம். பிறந்து சில வாரத்தில் தலைகாட்டி, சில மாதம் வேகமாக வளர்ந்து, அப்புறம் வருடக்கணக்கில் மெல்ல வாடும்.

தானாக வாடும் என்பதை உறுதியாகச் சொல்ல வைத்தியர்களுக்கு வெகுகாலம் பிடித்தது. அதுவரை சுட்டார்கள், வெட்டினார்கள். 1898இல் கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். மதாம் கியூரியின் கதையை எங்கள் பள்ளியில் எத்தனை முறை படித்திருப்போம்! அடுத்த பத்து வருடத்துக்குள் பாரிசில் விக்காம், தெக்ரே என்ற இரு மருத்துவர்கள் இந்த மச்சங்களுக்கு ரேடியம் வைக்க ஆரம்பித்தார்கள். 1909இல் ரேடிய சிகிச்சை பற்றிப் புத்தகமே எழுதினார்கள். மச்சம் வெளுத்தது, எல்லோருக்கும் சந்தோஷம். சின்னப்பா கேள்விப்பட்டது பொய்யில்லை. பாரிசை ஒட்டிய ஒரு பெரிய புற்றுநோய் நிலையத்தில் 1940 முதல் 1973 வரை குழந்தைகளின் ஹீமாஞ்சியோமாவுக்குக் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள். சுவீடனில் ஸ்டாக்ஹோமிலும் கோத்தன்பர்க்கிலும் ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகளுக்கு ரேடியம் வைத்தார்கள். அந்த நாட்டில் பதிவேடுகளை ஒழுங்காக வைத்திருந்ததால், அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகும் தேடிப்பிடித்துக் கணக்கெடுக்க முடிந்தது. தைராய்டிலும் மார்பிலும் புற்றுநோய் மற்றவர்களைவிட அதிகமாக வந்திருந்தது. தானாகப் போகிற மச்சத்துக்குக் கொடுத்த விலை அது. காசு சேராமல் போனதற்கு இன்று நான் வருத்தப்படவில்லை.

1938இல் இங்கிலாந்தில் லிஸ்டர் என்ற மருத்துவர் ஓர் எளிய காரியம் செய்தார். இந்த மச்சமுள்ள குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாமல், வருடக்கணக்கில் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். வளர்ச்சி நின்றபின் மச்சங்கள் தாமாகவே வாடுவதை 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். சூடும் கத்தியும் ரேடியமும் தேவையில்லை, பொறுத்திருந்தால் போதும் என்ற பாடம் அங்கிருந்து பரவியது. 1958இல் காரைக்கால் டாக்டர் அப்பாவிடம் சொன்னது இந்தப் பாடத்தைத்தான். எத்தனையோ குழந்தைகளை வடுவிலிருந்து காப்பாற்றிய பாடம் அது. கன்னத்திலோ முதுகிலோ இருக்கும் சின்ன மச்சத்துக்கு இன்றும் அதுதான் சரி. கண்ணிமைக்கு மட்டும் அது பொருந்தவில்லை. மச்சத்துக்குப் பொறுக்க ஆறு வருடம் இருந்தது, பார்வைக்குச் சில மாதம்தான் இருந்தது.

1967இல் அமெரிக்காவில் ஜாரம், எட்ஜர்ட்டன் என்ற இருவர், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார்கள். கண்ணை மறைப்பது, மூச்சை அடைப்பது போன்ற ஆபத்தான கட்டிகளுக்கு அடுத்த நாற்பது வருடம் அதுதான் முதல் மருந்து. ஆனால் அதிக அளவில் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். முகம் ஊதும், வளர்ச்சி தடைப்படும், ரத்த அழுத்தம் ஏறும். 1990களில் இன்டர்ஃபெரான் ஊசி வந்தது. சில குழந்தைகளுக்குக் கால்கள் விறைத்து நடக்க முடியாமல் போனதால் அதிலும் தயக்கம் வந்தது.

நடுவில் 1982இல் பாஸ்டனில் முல்லிக்கன், குளோவாக்கி என்ற இருவர் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். எல்லாச் சிவப்பு மச்சத்தையும் ஒரே பெயரில் அழைத்துக் குழப்பிக்கொண்டிருந்ததை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். பிறந்தபின் வந்து, வளர்ந்து, வாடுவது ஹீமாஞ்சியோமா. பிறவியிலேயே இருந்து ஆயுள் முழுக்க நிற்பது ரத்தநாள அமைப்புக் கோளாறு. ரஷ்யாவின் கோர்பச்சேவ் நெற்றியில் பார்த்தோமே, அது இரண்டாம் வகை. வகை தெரிந்தால்தான் எதற்குக் காத்திருக்கலாம் என்று சொல்ல முடியும். இலாகா மாறிய கோப்பு என்ன ஆகும் என்பது எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.

இனி மாத்திரைக்கு வருகிறேன்.

ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். இளம் வயதில் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அவருடைய அப்பா ஒரு கார் விபத்தின் அதிர்ச்சிக்குப் பின் மாரடைப்பில் இறந்துபோனார். பதற்றத்தில் இதயத்தை விரட்டும் அட்ரினலினைத் தடுக்க முடியுமா என்று யோசித்து, இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் பிளாக் உருவாக்கியதுதான் ப்ரோப்ரனலால். 1960களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், படபடப்பு எல்லாவற்றுக்கும் கொடுத்தார்கள். 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மாத்திரைக்கு நம் நாட்டுச் சரித்திரத்திலும் ஓர் இடம் உண்டு. பம்பாயின் சிப்லா கம்பெனி இதை இங்கேயே தயாரித்தபோது ஐசிஐ இந்திய அரசிடம் முறையிட்டதையும், தான் இந்திரா காந்தியிடம் நம் பக்க நியாயத்தை எடுத்துச் சொன்னதையும் சிப்லாவின் யூசுஃப் ஹமீது பலமுறை சொல்லியிருக்கிறார். 1970இல் நிறைவேறி 1972இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்தின் தயாரிப்பு முறைக்கு மட்டும் உரிமை தந்தது, மருந்துக்குத் தரவில்லை. வேறு முறையில் யாரும் தயாரிக்கலாம். உங்களில் பலர் மாத்திரை டப்பாவில் சிப்லார் என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது இதுவேதான்.

நானும் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். மருத்துவமனைகளுக்கான மருந்து இண்டென்ட் டைப் அடிப்பது என் வேலை. அகர வரிசைப் பட்டியலில் ஆங்கில 'பி' எழுத்தின் கீழ் முதலில் பிரெட்னிசோலோன் வரும், சில வரி தள்ளி ப்ரோப்ரனலால் 40 மி.கி. வரும். இரண்டையும் ஒரே தாளில் அடித்துக் கையெழுத்துக்கு வைத்திருக்கிறேன். என் தங்கை கண்ணோடு இவற்றுக்குச் சம்பந்தம் உண்டென்று யார் கண்டார்கள்? ப்ரோப்ரனலாலுக்கு உள்ள சம்பந்தம் உலகத்தில் ஒரு டாக்டருக்கும் அப்போது தெரியாது.

தெரிந்தது 2008இல், பிரான்சில், திராட்சை ரசத்துக்குப் பேர்போன போர்தோ நகரில். அங்கே பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் கிறிஸ்தீன் லெயோத்தே-லாப்ரேஸ் என்ற தோல் மருத்துவர் இருந்தார். மூக்கில் ஹீமாஞ்சியோமா வந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்துவந்தார்கள். அதற்கு இதயத் தசை தடித்து, ரத்தம் போகும் வழி அடைபட ஆரம்பித்தது. இதயத்துக்காக ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள், மூக்குக்காக அல்ல. மறுநாள் பார்த்தால் மூக்கில் இருந்த கடுஞ்சிவப்பு ஊதாவாக மாறி, கட்டி மெத்தென்று ஆகியிருந்தது.

மறுநாள் நிறம் மாறியதை யாரும் கவனிக்காமல் போயிருக்கலாம், தற்செயல் என்று விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. ஸ்டீராய்டைக் குறைத்துப் பார்த்தார்கள், கட்டி தொடர்ந்து சுருங்கியது. இரண்டாவது குழந்தைக்கு முகத்தின் வலது மேல்பகுதி முழுக்கப் பரவி, கண் மூடிக் கிடந்தது. இதயத்தின் பளுவைக் குறைக்க அதே மருந்தைக் கொடுத்தார்கள். ஏழாம் நாள் குழந்தை தானாகக் கண்ணைத் திறந்தது. பிறகு பெற்றோர் சம்மதத்தோடு இன்னும் ஒன்பது குழந்தைகளுக்குக் கொடுத்து, 2008 ஜூன் மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' பத்திரிகையில் ஒரு சின்னக் கடிதமாக எழுதினார்கள். உலகம் முழுக்க டாக்டர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் ஊரில் செய்து பார்த்தார்கள். 2014இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் குழந்தைகளுக்கான திரவ வடிவத்துக்கு அனுமதி தந்தன. 2015இல் 460 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு வெளியானது. ஆறு மாதம் முழு அளவில் மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 60 பேருக்குக் கட்டி முழுதாகவோ கிட்டத்தட்ட முழுதாகவோ மறைந்தது. வெறும் இனிப்பு மருந்து சாப்பிட்டவர்களில் நான்கு பேருக்குத்தான்.

அந்த 2014 அனுமதிச் செய்தியை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் பார்த்துத்தான் இந்தக் கதைக்குள்ளேயே நான் வந்தேன். ஏழாம் நாள் கண் திறந்தது என்ற இடத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எதையும் படிக்கவில்லை. தங்கை பிறந்து ஆறேழு வருடத்தில் அந்த மாத்திரை உலகத்தில் வந்துவிட்டது. அதற்கு இந்த வேலையும் தெரியும் என்று கண்டுபிடிக்க இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அம்மா 2006இலேயே போய்விட்டார். கடைசி வருடங்களில்கூட, "அன்னிக்கு வாயைக் கட்டியிருந்தா எம்பொண்ணுக்கு ரெண்டு கண்ணும் இருந்திருக்கும்" என்பார். அது இலந்தைப்பழம் பற்றிய பேச்சு. இல்லை அம்மா என்று சொல்வேன். ஆதாரம் காட்ட அன்று என்னிடம் ஒன்றும் இல்லை.

போன வருடம் இங்கே குன்றத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் இளம் தம்பதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தப் பையனுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. குழந்தைக்கு மூன்றாவது வாரம், வெயிலில் காட்டக் கீழே கொண்டுவந்தார்கள். மேல் இமையில் ஒரு சிவப்புப் புள்ளி. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, "கிரகண தோஷம் ஐயா. நம்மூர்லயே ராகு கோயில் இருக்காமே, பரிகாரம் பண்ணிட்டாப் போயிடும்னாங்க" என்றார். சேக்கிழார் கட்டிய வட திருநாகேஸ்வரத்தைத்தான் சொன்னார். ராகு தலம் என்பதால் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். நானும் போகிறவன்தான். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்து நின்றாள். எட்டு வயதில் அதே முகத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் பார்த்திருக்கிறேன்.

"கோயிலுக்குத் தாராளமா போங்கம்மா. ஆனா நாளைக்குக் காலையில முதல்ல எழும்பூர் பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. இது தோஷம் இல்ல, இந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல" என்றேன். பையன் நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமலேயே கிளம்பினான். பல்லாவரம் வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயில். நானும் கூடப் போனேன்.

இதயத்தைப் பரிசோதித்தார்கள், எடை போட்டார்கள், கண் டாக்டரும் பார்த்தார். இரண்டு நாள் அங்கேயே வைத்து, நாடித்துடிப்பையும் சர்க்கரையையும் கவனித்துக்கொண்டே மருந்தை ஆரம்பித்தார்கள். பத்து நாளில் சிவப்பு மங்கியது. இமை மூடவே இல்லை. இப்போது குழந்தை படி ஏறுகிறது, என் கண்ணாடியை இரண்டு கண்ணாலும் குறிபார்த்துப் பிடுங்குகிறது.

பேரன் பேத்தி எடுத்திருக்கும் உங்களுக்காகச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பிறந்த சில வாரத்தில் சிவப்புப் புள்ளி வந்து பெரிதாகிறது என்றால், அது கண், மூக்கு, உதடு, தாடை இந்த இடங்களில் இருந்தால், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள்தான் அது மிக வேகமாக வளர்கிறது. ஒரு மாதத்துக்குள் காட்டிவிட வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட அறிவுரை. தாடைப் பக்கம் இருந்தால் மூச்சுக் குழாயிலும் இருக்கலாம். முகத்தில் பெரிதாகப் பரவியிருந்தால் மூளை, இதயத்தின் ரத்தக் குழாய்களையும் பார்ப்பார்கள். மற்ற இடத்தில் சின்னதாக இருப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டாம், ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரை இருக்கிறதே என்று யாரும் தாங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். எடைக்கேற்ற அளவு தவறினால் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், நாடித்துடிப்பு குறையும், வீசிங் இருந்தால் மூச்சு முட்டும். பால் குடித்தவுடன்தான் கொடுக்க வேண்டும். பால் குடிக்காத நாளில், வாந்தி எடுக்கும் நாளில், டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

எழும்பூரிலிருந்து திரும்பிய அன்று இரவு காரைக்காலுக்குப் போன் செய்து தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியாண்ணா, அவ தப்பு இல்லேன்னு?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன்.